விறகு லோடு எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

நிலக்கரியை விட்டு விறகுக்கு மாறும் ஆலைகளிலிருந்தும், அவற்றுக்கு விறகு கொடுப்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் 5 டன் பாய்லரை நிலக்கரியிலிருந்து விறகுக்கு மாற்றிவிட்டோம். எங்களிடம் துணி வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் இப்போது விறகு வரும் வட்டாரத்துக்கு ‘நிலைத்தன்மை இடர் மதிப்பீடு’ கேட்கிறது. ‘எல்லாம் பட்டா நிலத்து மரம்தான்’ என்று வியாபாரி கடிதம் தருகிறேன் என்கிறார். அது போதாதா? போதாது என்றால் எங்கே தொடங்குவது?
– சாயப்பட்டறை மேலாளர், பெருந்துறை

போதாது. மரம் எந்த ஊரில், எந்தப் புல எண்ணில் நின்றது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இருக்காது. அது இல்லாமல் மற்ற எதையும் சரிபார்க்க வழியில்லை.

அளவிலிருந்து தொடங்குங்கள். மணிக்கு 5 டன் நீராவி தரும் பாய்லர் 30 சதவீத ஈரப்பதமுள்ள விறகில் ஓடினால், ஒரு கிலோ விறகுக்குச் சுமார் 3.4 கிலோ நீராவி கிடைக்கும். அதாவது மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் விறகு. நாளுக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 9,000 டன். அதே பாய்லருக்கு நேற்று வெட்டிய பச்சை விறகைப் போட்டால், அதாவது 50 சதவீத ஈரத்தில், ஆண்டுத் தேவை 14,500 டன்னைத் தொடும். எடை 60 சதவீதம் கூடுகிறது. நிலத்திலிருந்து போகும் உலர்ந்த மரப்பொருளும் 15 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. மீதி எல்லாம் லாரியில் ஏற்றி வரும் தண்ணீர். லோடுக்குப் பத்து டன் என்றால் 550 நடை வீணாக ஓடும். ஆகவே ஆலைக்குள் இரண்டு மாத விறகைக் காயவைக்கக் கொட்டகை போடுவதே இடரைக் குறைக்கும் முதல் வேலை. மதிப்பீட்டு அறிக்கைகளில் இதை யாரும் எழுதுவதில்லை.

அடுத்து, 9,000 டன்னுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பாருங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் விளைச்சலை நம்ப வேண்டாம். பாசனத்துக்கும் மானாவாரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெட்டுக்குத் தயாராக நிற்கும் தோட்டத்தில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை வெட்டி எடை போடுங்கள். அது 400 சதுர மீட்டர். பத்தால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். ஒவ்வொரு வகை நிலத்திலும் குறைந்தது ஐந்து கட்டங்களாவது பார்க்க வேண்டும். உதாரணமாக ஏக்கருக்கு 25 டன், நான்கு ஆண்டுச் சுழற்சி என்று வந்தால், ஆண்டுக்கு 360 ஏக்கர் வெட்ட வேண்டும். சுழற்சி அறுபடாமல் இருக்க மொத்தம் 1,440 ஏக்கர் நடவில் இருக்க வேண்டும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரியிடம் பேசிப் பாருங்கள், பேச்சின் போக்கே மாறிவிடும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, வட்டாரத்தில் நிற்கும் மரம் முழுவதும் தங்களுக்கே என்று கணக்குப் போடுவது. சவுக்கும் தைலமரமும் கரூர் பக்கம் டி.என்.பி.எல். ஆலைக்கும் பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலைக்கும் காகிதக் கூழுக்காகப் போகின்றன. கட்டடச் சாரக் கம்புக்குப் போகிறது. உங்களைப் போலவே மாறிய மற்றப் பட்டறைகளும் இருக்கின்றன. அவர்கள் பங்கைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. மிச்சம் போதாவிட்டால், நீங்கள் நல்ல விறகை வாங்கினாலும் அந்த இடத்திலிருந்து தள்ளப்படும் செங்கல் சூளைக்காரர் காட்டோரத்துக்குப் போவார். அந்தச் சேதம் உங்கள் ரசீதில் தெரியாது. வட்டார மதிப்பீட்டில் தெரிந்தாக வேண்டும்.

இனி மதிப்பீடு. ‘ஈரோடு: இடர் குறைவு, கடலூர்: இடர் குறைவு’ என்று மாவட்டவாரியாக எழுதி அனுப்பிவிடாதீர்கள். ஒரே மாவட்டத்தில் பட்டாச் சவுக்கும் இருக்கும், கண்மாய்க் கருவேலும் இருக்கும், காப்புக்காட்டு ஓரமும் இருக்கும். மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. நில வகைப்படி பிரியுங்கள்: நட்டு வளர்த்த பட்டாத் தோட்டம்; மரம் தானாக முளைத்த பட்டாத் தரிசு; கண்மாய், மேய்ச்சல் போன்ற புறம்போக்கு; காய்ப்பு நின்ற முந்திரி, மா, தென்னைத் தோப்பு; மர அறுவை ஆலைக் கழிவு; மலைப்பகுதியும் காட்டோரமும். ஒவ்வொரு வகைக்கும் ஆறு கேள்விகள். வெட்ட உரிமை யாருக்கு, அதற்குத் தாள் உண்டா? அந்த மரத்தை இதுவரை யார் யார் பயன்படுத்தி வந்தார்கள்? பறவை, விலங்கு, கோயில் காடு என்று காக்க வேண்டியது ஏதும் உண்டா? இயற்கைக் காட்டை அழித்துத் தோட்டமாக்கிய நிலமா? வெட்டியபின் மறுபடி வளருமா, மண்ணும் நீரும் என்ன ஆகும்? வெட்டியவர்கள் யார், கூலி எப்படி?

பதில் இரண்டில் ஒன்றுதான்: ‘குறைந்த இடர்’ அல்லது ‘குறிப்பிட்ட இடர்’. 2013இல் ஐரோப்பிய மின் நிறுவனங்கள் எரிபொருள் மரத்துக்காகத் தொடங்கிய எஸ்.பி.பி. சான்று முறையில் இப்படித்தான் செய்கிறார்கள். நடுவில் ‘மிதமான இடர்’ என்று ஒளிந்துகொள்ள இடமில்லாதது அதன் நல்ல அம்சம். சான்று கிடைக்காத இடத்தில் ‘குறிப்பிட்ட இடர்’ என்றே போட வேண்டும். ‘புகார் எதுவும் வரவில்லை’ என்பது சான்றாகாது. குறிப்பிட்ட இடர் என்று வந்த வகையை வாங்கவே கூடாது என்றும் அர்த்தமில்லை. என்ன செய்தால் குறையும், அதை யார், எப்போது சரிபார்ப்பார் என்று எழுதி, செய்து, மறுபடி மதிப்பிட வேண்டும்.

உங்கள் வாங்குநரின் கேள்வித்தாள் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறையின் 29ஆவது பிரிவைப் பார்த்துத் தயாரித்ததாக இருக்கும். சட்டப்படியான வெட்டு, மறுவளர்ப்பு, பாதுகாக்கப்பட்ட பகுதி, மண்ணும் பல்லுயிரும், நீண்டகால உற்பத்தித் திறன் ஆகியவை அதன் தலைப்புகள். அந்தச் சட்டம் பெருந்துறைப் பாய்லரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ‘நாட்டுச் சட்டம் தாளில் இருந்தால் மட்டும் போதாது, நடைமுறையில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வெட்டும் இடத்தின் அளவில் சான்று காட்டு’ என்கிற அதன் இரண்டு படி முறை நமக்கும் பொருந்தும்.

கடைசியாக, எடைமேடைச் சீட்டு. ஆண்டு முடிவில் வியாபாரிவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒருவர் 120 ஏக்கர் சவுக்கு வெட்டினேன் என்கிறார். ஏக்கருக்கு 25 டன் என்றால் 3,000 டன். உங்கள் எடைமேடையில் அவர் பெயரில் 4,100 டன் இறங்கியிருக்கிறது. மீதி 1,100 டன் எங்கே முளைத்தது? அதேபோல் பண்ருட்டியிலிருந்து உங்கள் ஆலை 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே லாரி எண், ஒரே நாளில் காலையும் மாலையும் ‘பண்ருட்டி லோடு’ இறக்கியிருந்தால், அதில் ஒன்று பண்ருட்டியைப் பார்த்ததே இல்லை.

சீமைக்கருவேல் நாட்டைப் பிடித்த களை. வெட்டச் சொல்லி நீதிமன்றமே சொன்னது. அதை வாங்கி எரித்தால் நன்மைதானே, அதில் என்ன இடர்?
– விறகு ஒப்பந்ததாரர், பரமக்குடி

பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். மரத்தின் பெயரை வைத்து இடரை முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணமும் கிடையாது.

வெட்டுவது வேறு, அகற்றுவது வேறு. சீமைக்கருவேலைத் தரைக்கு மேல் வெட்டினால் அடுத்த மழைக்கு ஒரு தண்டுக்குப் பதில் ஐந்தாறு தண்டு கிளம்பும். துளிர்க்கும் மொட்டுகள் தரைமட்டத்துக்குக் கீழே தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கின்றன. குறைந்தது ஓர் அடி ஆழம் தோண்டி அந்தத் தூரை எடுக்காவிட்டால் மரம் சாகாது. எடுத்தாலும் விட்டபாடில்லை. காயைத் தின்ற ஆடுமாடு சாணத்தோடு போட்ட விதை மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து கட்டை வெட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் அறுவடை. அதைக் ‘களை ஒழிப்பு’ என்று மதிப்பீட்டில் எழுதினால் பொய்ச்சான்று. அறுவடை என்றே எழுதுங்கள். பட்டாத் தரிசில் அதில் ஒரு தப்பும் இல்லை. வானம் பார்த்த பூமியில் பல குடும்பங்களுக்கு விறகும் கரிமூட்டமும்தான் கோடைக்காலச் சோறு.

எங்கே வெட்டுகிறீர்கள் என்பது அடுத்தது. உங்கள் மாவட்டத்திலேயே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழை தொடங்கி நீர் ஏறியதும் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் முள்மரங்களில்தான். பறவைக்கு நாட்டுக்கருவேல், சீமைக்கருவேல் என்ற பேதம் கிடையாது. சரணாலய எல்லைக்குள் பேச்சே வேண்டாம்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 29ஆவது பிரிவு, அங்கிருந்து எடுக்கும் பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சரணாலயம் அல்லாத கண்மாய்களிலும் மழை தொடங்கியதிலிருந்து குஞ்சுகள் பறந்து போகும்வரை வெட்டு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஊர்க்காரரிடம் ‘எந்த மரத்தில் எச்சம் வெள்ளையாய் வழிகிறது’ என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்.

கண்மாய் மரத்துக்கு ஏல உத்தரவு வேண்டும். அதில் கண்மாயின் பெயர், எல்லை, மரவகை, கெடு தேதி நான்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி நடப்பது: சீமைக்கருவேலுக்கு ஏலம் எடுத்தவர், கண்மாய்க்குள் சமூகக்காடு திட்டத்தில் வனத்துறை நட்ட நாட்டுக்கருவேலையும் சேர்த்து வெட்டிவிடுவார். லோடில் பார்த்தாலே தெரியும். நாட்டுக்கருவேலின் பட்டை கறுத்து, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். சீமைக்கருவேலின் பட்டை அவ்வளவு கறுப்பில்லை, வெடிப்பும் ஆழமில்லை. கட்டையும் பெரும்பாலும் கோணல்மாணலாக இருக்கும். இதோடு உசில், வெள்வேல், இலந்தை, வீரை என்று ஏதாவது தலைகாட்டினால் அது தரிசு லோடு அல்ல. புதர்க்காட்டையோ ஐயனார் கோயில் காட்டையோ கைவைத்திருக்கிறார்கள். சில்லுகளாக அரைத்து வந்தால் எதையும் அடையாளம் காண முடியாது. அதனால் களத்தில் அரைத்த சில்லை விட, கட்டையாக வாங்கி ஆலையில் அரைப்பது நல்லது.

தூர் எடுக்கும் வேலையில் ஒரு ஆபத்து உண்டு. ஜே.சி.பி.யை வைத்துக் கண்மாய்க் கரையின் உட்சரிவிலேயே தோண்டிவிட்டு, குழியை மூடாமல் போகிறார்கள். ஐப்பசி மழையில் கரை அரிப்பது அந்த இடத்தில்தான். கரையில் தோண்டுவதாக இருந்தால் கோடையில் தோண்டி, அன்றே மண் நிரப்பிக் கெட்டித்துவிட வேண்டும்.

மேய்ச்சல் புறம்போக்கில் இன்னொரு விஷயம். அங்கே விறகு பொறுக்கும் பெண்களுக்கு அது காசில்லாத அடுப்பெரிப்பு. ஆலை வாங்க ஆரம்பித்ததும் முள்ளுக்கும் விலை வந்து, அவர்களை உள்ளே விடாமல் ஏலதாரர் விரட்டுவார். கட்டைவிரலைவிட மெல்லிய கிளையும் சுள்ளியும் ஊருக்கு என்று ஏல நிபந்தனையிலேயே சேர்த்துவிட்டால் இது தீரும். பாய்லருக்கும் அந்தச் சுள்ளியால் பெரிய பிரயோசனம் இல்லை.

கடைசி இடர் உங்கள் தொழிலுக்கே. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2016, 2017இல் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு, 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. நிஜமாகவே அகற்றினால் உங்கள் மூலப்பொருள் தீரும். தீராமல் இருந்தால் அகற்றவில்லை என்று அர்த்தம். இரண்டையும் ஒரே அறிக்கையில் வாக்குறுதி கொடுக்காதீர்கள்.

நாங்கள் கொடுப்பது முழுக்கச் சவுக்கு. என்னென்ன ஆவணம் வைத்திருக்க வேண்டும்? சவுக்குத் தூரையும் ஆலைக்கு அனுப்பலாமா?
– மர வியாபாரி, பண்ருட்டி

பட்டா அல்லது சிட்டா நகல், அந்த ஆண்டு அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு), விவசாயியோடு போட்ட கொள்முதல் சீட்டு, வெட்டிய தேதி, லாரி எண், எடைச் சீட்டு. இவற்றில் முக்கியமானது அடங்கல். பட்டா, நிலம் யாருடையது என்று மட்டும்தான் சொல்லும். அதில் சவுக்கு நின்றதா என்பதை அடங்கல்தான் சொல்லும். அடங்கலில் மணிலா (நிலக்கடலை) என்று இருக்கும் புல எண்ணில் 30 டன் சவுக்கு வெட்டியதாகச் சீட்டு வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில நேரம் அடங்கலைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். சில நேரம் விஷயம் வேறாக இருக்கும். 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளில் எந்தெந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை என்ற பட்டியலின் நகலை வனச்சரக அலுவலகத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியிலும் உதவும், தணிக்கையிலும் உதவும்.

கடலோரத்தில் ஒரு எச்சரிக்கை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் காற்றுத் தடுப்பாக நட்ட சவுக்குத் தோப்புகள் பல இடங்களில் பட்டாத் தோப்புகளுக்கு அடுத்தே இருக்கின்றன. வெட்டும் ஆட்களுக்கு எல்லைக்கல்லைக் காட்டாமல் விட்டால் கை நீண்டுவிடும்.

தூரைப் பொறுத்தவரை இரண்டு பார்வை உண்டு. முதல் பதிலில் சொன்ன ஐரோப்பிய நெறிமுறையின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் தூரும் வேரும் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது; காட்டு மண்ணை மனத்தில் வைத்து எழுதியது அது. உங்கள் ஊரில் சவுக்கு வெட்டிய பிறகு நிலத்தை உழுது மணிலாவோ மறுபடி சவுக்கோ வைப்பார்கள். நாட்டுச் சவுக்கு தைலமரம் போல நன்றாகத் தழைப்பதும் இல்லை, ஆகவே தூர் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அது காட்டழிவல்ல. ஆனால் மணல் மேட்டில், காற்று நேராக அடிக்கும் இடத்தில், தூரை எடுத்து நிலத்தைச் சும்மா போட்டால் மணல் பறக்கும். அங்கே அடுத்த நடவுக்கு முந்தின வாரம்வரை தூர் நிற்கட்டும். ஆலைக்கு அனுப்பும்போது தனி லோடாக, தனிச் சீட்டோடு அனுப்புங்கள். தூரோடு வரும் மணல் உலையில் உருகிக் கட்டிக்கொண்டு காற்றுத் துளைகளை அடைக்கும். பாய்லர்காரர் ஒருநாள் ஆலையை நிறுத்திக் கம்பியால் இடித்து எடுக்க வேண்டிவரும். பழி உங்கள் முழுச் சரக்கின் மீதும் விழும். வாரம் ஒன்று காயப்போட்டு, உதறி ஏற்றினால் பாதி மண் உதிர்ந்துவிடும்.

சருகை விற்காதீர்கள். கட்டையில் இருப்பதைவிட, எடைக்கு எடை, இலையிலும் நுனிக்கிளையிலும்தான் தழைச்சத்து அதிகம். அதையும் வாரிக்கொண்டு போனால் நாளடைவில் விளைச்சல் இறங்கக்கூடும்.

புயலையும் உங்கள் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பரில் ‘தானே’, 2018 நவம்பரில் ‘கஜா’ என்று பார்த்துவிட்டோம். புயல் முடிந்ததும் விழுந்த முந்திரியும் தென்னையும் சவுக்கும் விறகாகக் குவிந்து விலை சரியும். பிறகு வெட்ட மரமே இல்லாத ஆண்டுகள் வரும். அந்த ஆண்டுகளில்தான் வியாபாரிக்குக் காட்டோரம் கண்ணில் படும். ஆலையோடு போடும் ஒப்பந்தத்தில், பேரிடர் ஆண்டில் அளவைக் குறைத்துக்கொள்ள வழி வைத்திருங்கள்.

தேயிலை ஆலைக்கு விறகு: சில்வர் ஓக், தைலமரம் மட்டும் வாங்குகிறோம். இரண்டுமே வெளிநாட்டு மரம்தானே?
– குன்னூர் வாசகர்

ஆம், ஆனால் நிற்பது மலையில். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட கிராமங்களில் சொந்த நிலத்து மரத்துக்கும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமானால் 1949ஆம் ஆண்டுச் சட்டமும் சேரும். அனுமதி உத்தரவில் உள்ள மர எண்ணிக்கையை லோடோடு ஒப்பிடுங்கள்; 40 மரத்துக்கு வாங்கிய அனுமதியில் 90 மரம் இறங்குவதுதான் மலையில் வழக்கமான கோளாறு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு போகிற தொழில் இது. விறகைக் காயவைத்து, சூடேற்றியின் கசிவை அடைத்தாலே தேவை கணிசமாக இறங்கும். சோலைக்குள்ளிருந்து வரும் ஓடைக்கரையில் நிற்கும் தைலமரத்தை மழைக்காலத்தில் இழுக்க வேண்டாம். இழுத்த தடமே வாய்க்காலாகி மண்ணை அடித்துக்கொண்டு போகும்.

செயற்கைக்கோள் படத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாதா?
– பொறியியல் மாணவி, மதுரை

முழுத் தோட்டத்தையும் மொட்டையாக வெட்டினால் தெரியும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர்; ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் கிடைக்கும், காசும் இல்லை. காட்டோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் எடுத்தால் தெரியாது. திருட்டு வெட்டு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஒரு உத்தி உண்டு: சித்திரை, வைகாசிப் படங்களைப் பாருங்கள். நாட்டு இலையுதிர் மரங்கள் காய்ந்து நிற்கும்போது சீமைக்கருவேல் மட்டும் பச்சையாக இருக்கும். கார்த்திகைப் படத்தில் எல்லாமே பச்சை, பிரிக்க முடியாது. இஸ்ரோவின் புவன் தளத்தையும் கூகுள் எர்த்தின் பழைய படங்களையும் வைத்து, இன்று ‘நட்ட தோட்டம்’ என்று சொல்லும் இடம் பத்தாண்டுக்கு முன் என்னவாக இருந்தது என்று பாருங்கள். சந்தேகம் வரும் இடத்துக்குக் கால்நடையாகப் போக வேண்டியதுதான்.

கரியை ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைக்கிறோம். நிலத்தின் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) கேட்கிறார்கள். எதற்கு?
– கரி வியாபாரி, தூத்துக்குடி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடைச் சட்டத்தில் மரக்கரியும் விறகும் சேர்ந்திருக்கின்றன. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தின் சரக்கு உள்ளே நுழையக் கூடாது என்பது அதன் சாரம். அமலாகும் தேதியைத் தள்ளிவைத்தாலும் வாங்குநர்கள் தகவலை இப்போதே சேர்க்கிறார்கள். நான்கு ஹெக்டேருக்குள் என்றால் ஒரு புள்ளி போதும்; மேலே என்றால் எல்லையைச் சுற்றிவந்து பதிய வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் இருக்கட்டும். உங்கள் சிக்கல் கரிமூட்டத்தில்தான் வரும்: பத்து நிலத்துக் கட்டையை ஒரே மூட்டத்தில் அடுக்கினால், அந்த மூட்டத்துக்குப் பத்து நிலத்தின் புள்ளியும் சேரும். அதில் ஒன்று தவறினால் மூட்டம் முழுவதும் தவறு. மூட்டத்துக்கு எண் கொடுத்து, எந்த நிலத்துக் கட்டை எத்தனை டன் என்று சிலேட்டிலாவது எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கரியைவிட விறகில் கரியமிலவாயு குறைவா?
– வாசகர், கோவில்பட்டி

புகைபோக்கியில் குறைவு இல்லை. ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அளவுப்படி ஒரு டெராஜூல் (லட்சம் கோடி ஜூல்) வெப்பத்துக்கு விறகு 112 டன் வெளியிடுகிறது. சாதாரண பிட்டுமினஸ் நிலக்கரி 94.6 டன். மரம் மறுபடி வளர்ந்து அதை எடுத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும். நான்கு ஆண்டுச் சவுக்கு நான்கு ஆண்டில் அடைக்கும், மறுநடவு நடந்தால். முப்பது ஆண்டு நின்ற காட்டுமரத்தை வெட்டினால் கடன் முப்பது ஆண்டுக்கு நிற்கும்.

மரம் வெட்டும் ஆட்களின் கூலி விவகாரம் ‘நிலைத்தன்மை’யில் வருமா? அது மேஸ்திரியின் பொறுப்பு அல்லவா?
– ஆலைக் கொள்முதல் அலுவலர், ராணிப்பேட்டை

வரும்; உங்கள் பகுதியில் முதல் இடரே அதுதான். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள் என்று வருவாய்த் துறையினர் மீட்டார்கள். முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை குடும்பத்தோடு வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மரம் பட்டா நிலத்தில் நின்றதாக இருக்கலாம், அடங்கல் சரியாக இருக்கலாம். அந்த லோடு அப்போதும் குறைந்த இடர் ஆகாது.

வியாபாரியின் கூலிப் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பதிவேடு எப்போதும் சுத்தமாகவே இருக்கும். வெட்டும் இடத்துக்குச் சொல்லாமல் போங்கள். மேஸ்திரியை லாரிப் பக்கம் அனுப்பிவிட்டு, உடன் ஒரு பெண் அலுவலரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘முன்பணம் எவ்வளவு’ என்று எடுத்ததும் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். டன்னுக்கு என்ன கூலி, போன வாரம் எத்தனை டன், கையில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். டன் கூலியை எடையால் பெருக்கினால் வருவதும் கையில் வந்ததும் பொருந்தவில்லை என்றால், நடுவே கடன் பிடித்தம் இருக்கிறது. கடைசியாக ஊர்த் திருவிழாவுக்கு, சாவுக்குப் போய்வர முடிந்ததா? எல்லோரும் போனார்களா, ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொண்டார்களா? ஆதாரும் ரேஷன் அட்டையும் யாரிடம் இருக்கின்றன? பள்ளி நேரத்தில் பிள்ளைகள் கட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார்களா? எடை போடும்போது வெட்டியவர்களில் ஒருவராவது எடைமேடையில் நின்று பார்க்கிறாரா?

சந்தேகம் உறுதியானால் வியாபாரியோடு ‘பேசித் தீர்க்க’ முயலாதீர்கள். அன்று இரவே ஆட்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் கொடுங்கள். விசாரித்து விடுதலைச் சான்று தருவது அவர்கள் அதிகாரம். மறுவாழ்வு உதவிக்கும் அந்தச் சான்றுதான் அடிப்படை.

லோடில் பனங்கட்டை கலந்து வருகிறது. வாங்கலாமா?
– செங்கல் சூளை உரிமையாளர், திருநெல்வேலி

வாங்க வேண்டாம். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021இல் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். அனுமதித் தாள் இல்லாத லோடை இறக்காமல் திருப்பி அனுப்புங்கள். பனையை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்றதை இறக்கிக்கொள்வது கூடாது. கலந்து ஏற்றியவருக்கு மற்றக் கட்டையின் ஊரும் தெரிந்திருக்காது. லாரி எண், தேதி, கொண்டுவந்தவர், திருப்பிய காரணம் நான்கையும் பதிவேட்டில் எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.